டாக்டர் மேரி வர்கீசும் மூன்றடி வாசலும்

ஒரு கதவு. அதன் அகலம் இரண்டேகால் அடி. கதவுக்கு இந்தப் பக்கம் ஒரு மனிதர். அந்தப் பக்கம் குளியலறை.

காலில் வலு உள்ளவருக்கு அது மூன்று எட்டுத் தூரம். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கோ ஏற முடியாத கோட்டை!

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துப் பழைய வீடுகளை அறிந்தவர்களுக்கு இது நன்றாகப் புரியும். தெருவிலிருந்து ஏறப் படி. உள்ளே போனால் நிலைப்படி. பின்கட்டில் குளியலறை. அதற்கும் ஒரு நிலைப்படி. உள்ளே பாதி இடத்தைச் சிமெண்டுத் தொட்டி அடைத்துக்கொண்டிருக்கும். வானம் பார்த்த பூமி அல்லவா? குழாயில் தண்ணீர் வரும் நாளில் பிடித்து வைத்தால்தான் மற்ற நாட்களை ஓட்ட முடியும்.

அந்த வீட்டுப் பெரியவர் ஒருவருக்குப் பக்கவாதம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மகன் தறிக்குப் போய்விட்டான். மருமகள் கடைக்குப் போயிருக்கிறாள். யாராவது வந்து தூக்கிச் செல்லும் வரை அவர் காத்திருக்க வேண்டும். கூச்சம் ஒரு பக்கம். அவசரம் ஒரு பக்கம். கடைசியில் அவர் என்ன செய்கிறார்? தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிடுகிறார்! வெயில் கொளுத்தும் ஊரில் இது எவ்வளவு பெரிய ஆபத்து!

ஒரு கதவின் அகலம் ஒரு மனிதரின் உயிரையே தொடுகிறது. இந்த உண்மையைத் தன் உடம்பிலேயே அனுபவித்து, பிறகு பல்லாயிரம் பேருக்கு வழி திறந்துவிட்டவர் ஒரு பெண்மணி. அவர்தான் வேலூர் டாக்டர் மேரி வர்கீஸ்.

செல்வக் குடும்பத்துப் பெண்

மேரி 1925-ம் ஆண்டு கேரளத்தில், கொச்சிக்கு அருகே பிறந்தார். வசதியான குடும்பம். வீடு நிறைய அண்ணன், அக்காமார். எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் படித்தார். டாக்டராக வேண்டும் என்ற ஆசை அவரை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அழைத்து வந்தது.

அந்தக் கல்லூரி ஒரு பெண்மணியின் உழைப்பில் எழுந்தது. 1900-ம் ஆண்டில் டாக்டர் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு கட்டிலுடன் வேலூரில் வைத்தியம் செய்யத் தொடங்கினார். அது வளர்ந்து ஆஸ்பத்திரியாகி, பெண்கள் மருத்துவப் பள்ளியாகி, பிறகு கல்லூரியாயிற்று. மேரி அங்கே படித்துப் பட்டம் பெற்றார். பெண்கள் நோய் மருத்துவத்தில் தேர்ச்சி பெற வேண்டும் என்பது அவர் எண்ணம்.

வயது இருபத்தெட்டு. கையில் பட்டம். கண்முன்னே நீண்ட பாதை. அந்தப் பாதையில்தான் விபத்துக் காத்திருந்தது.

கவிழ்ந்தது கார்

1954-ம் ஆண்டு ஜனவரி மாதம். இளம் டாக்டர்கள் பலர் ஒரு காரில் உல்லாசப் பயணம் புறப்பட்டார்கள். மேரியும் அவர்களில் ஒருவர். சிரிப்பும் பேச்சுமாகக் கார் சென்றது. முன்னே சென்ற பஸ்ஸை முந்தும்போது கார் நிலை தவறிக் கவிழ்ந்தது.

மேரியின் முகத்தில் ஆழமான காயம். முதலில் எல்லோருடைய கண்ணிலும் பட்டது அதுதான். ஆனால் முகத்துக் காயத்தைவிடப் பெரிய காயம் உள்ளே இருந்தது. முதுகெலும்பு முறிந்திருந்தது. அதற்குள் ஓடும் தண்டுவடம் நசுங்கியிருந்தது.

தண்டுவடம் என்பது மூளைக்கும் உடம்புக்கும் நடுவே ஓடும் தந்திக் கம்பி போன்றது. கம்பி அறுந்தால் சேதி போகாது. கால் அசையாது. காலில் முள் குத்தினாலும் தெரியாது. சிறுநீர் வருவதும் தெரியாது, அடக்கவும் முடியாது.

மேரி டாக்டர் அல்லவா? தமக்கு என்ன நேர்ந்தது என்பதை மற்றவர் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில் அவர் இல்லை. இனி நடக்க முடியாது. அது உறுதியாயிற்று.

இரண்டாம் உலகப் போருக்கு முன்பெல்லாம் இப்படி அடிபட்டவர்களில் பெரும்பாலோர் ஓரிரு ஆண்டுகளில் இறந்துபோனார்கள். அவர்களைக் கொன்றது முறிந்த எலும்பு அல்ல. படுக்கைப் புண்ணும் சிறுநீரகக் கோளாறும்தான். 1944-ல் இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரியில் டாக்டர் லுட்விக் குட்மன் இதை மாற்றிக் காட்டினார். நோயாளியை அடிக்கடி புரட்டிப் படுக்க வைத்தார். சிறுநீர்ப் பையைச் சுத்தமாகக் காத்தார். பிறகு உட்கார வைத்து வேலையும் விளையாட்டும் கற்றுக் கொடுத்தார். சாக வேண்டியவர்கள் பிழைத்தார்கள்.

பிழைத்தால் போதுமா? பிழைத்தவர் வாழ வேண்டாமா? மேரியின் முன்னேயும் இந்தக் கேள்விதான் நின்றது.

கால் வேண்டாத தொழில்

அப்போது வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் இருந்தார். 1914-ல் கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேயர். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை ஆபரேஷன் செய்து நிமிர்த்துவதில் உலகுக்கே வழிகாட்டியவர்.

மேரிக்குக் கால் போய்விட்டது. ஆனால் கை இருக்கிறது, கண் இருக்கிறது, படித்த படிப்பு இருக்கிறது. இதைப் பிராண்ட் பார்த்தார்.

வயிற்று ஆபரேஷன் என்றால் டாக்டர் மணிக்கணக்கில் நிற்க வேண்டும். கை ஆபரேஷன் அப்படி அல்ல. நோயாளியின் கையை ஒரு சிறு மேஜைமீது நீட்டி வைத்து, டாக்டர் உட்கார்ந்தபடியே செய்கிற வேலை அது. அப்படியானால் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தும் செய்யலாமே?

மேரிக்கு முதுகில் ஆபரேஷன்கள் நடந்தன. நிமிர்ந்து உட்காரும் பலம் வந்தது. முதலில் தொழுநோய்ச் சிகிச்சைப் பிரிவில் நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கினார். பிறகு பிராண்டின் பக்கத்தில் இருந்து கை ஆபரேஷன் பழகினார்.

அந்த ஆபரேஷன் நுட்பமானது. தொழுநோய் நரம்பைத் தாக்குவதால் விரல்களை நிமிர்த்தும் சிறு தசைகள் செயலற்றுப் போகின்றன. கை நகம்போல் வளைந்துவிடுகிறது. ஆனால் முன்கையில் நல்ல தசைகள் மிச்சம் இருக்கும். அவற்றின் நாணை எடுத்து விரலுக்குத் திருப்பி இணைத்தால், இருக்கிற தசை இழந்த தசையின் வேலையைச் செய்யும். சோற்றை அள்ளி உண்ண முடியாதவன் மீண்டும் தன் கையாலேயே உண்பான்.

மேரியைக் கண்டதும் நோயாளிகள் திகைத்தார்கள். தங்களைத் தொட்டுச் சிகிச்சை செய்யும் டாக்டரே நடக்க முடியாதவர்! முகத்திலோ பெரிய தழும்பு! ஊராரால் ஒதுக்கப்பட்டு, இனி என்ன வாழ்வு என்று வந்தவர்கள் அவர்கள். நாற்காலியில் வந்து வேலை செய்யும் அந்த அம்மாளைப் பார்த்ததும் அவர்கள் மனத்தில் ஏதோ நிமிர்ந்தது. கத்தி எடுப்பதற்கு முன்பே பாதி வைத்தியம் முடிந்துவிட்டது.

மீண்டும் மாணவி

ஆனாலும் ஒரு குறை. தமக்கு என்ன நேர்ந்ததோ, அதற்கான முழுப் பயிற்சி நம் நாட்டில் அன்று இல்லை. மேரி ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குச் சென்று பயிற்சி பெற்றார். பின்னர் அமெரிக்காவுக்குச் சென்றார். நியூயார்க்கில் டாக்டர் ஹோவர்ட் ரஸ்க் நடத்திய மறுவாழ்வு மருத்துவ நிலையத்தில் சேர்ந்தார். நோயாளியாக அல்ல. படிக்க வந்த டாக்டராக!

ரஸ்க் போர்க்காலத்தில் அமெரிக்க விமானப்படையில் டாக்டராக இருந்தவர். காயம் ஆறியதோடு வைத்தியம் முடிந்துவிடவில்லை என்பது அவர் கொள்கை. நோயாளி தானே படுக்கையிலிருந்து எழ வேண்டும். உடுத்த வேண்டும். குளிக்க வேண்டும். வேலைக்குப் போக வேண்டும். அதுவரை வைத்தியம் தொடர வேண்டும்.

கேட்க எளிது. செய்வது கடினம். சக்கர நாற்காலியில் இருந்து கழிப்பறை இருக்கைக்கு மாறுவதை எண்ணிப் பாருங்கள். முதலில் நாற்காலியை இருக்கைக்குப் பக்கத்தில் சாய்வாக நிறுத்த வேண்டும். சக்கரத்தைப் பூட்ட வேண்டும். கைகளால் ஊன்றி உடம்பைத் தூக்க வேண்டும். கால்கள் உதவா. அவை பாரமாகத் தொங்கும். உடம்பை ஒரு பக்கமாக நகர்த்தி இருக்கையில் அமர வேண்டும். ஓர் அங்குலம் தவறினால் தரையில் விழ வேண்டியதுதான்.

இரண்டு இருக்கைகளும் ஒரே உயரத்தில் இருந்தால் இது பழகிவிடும். ஒன்று உயர்ந்து ஒன்று தாழ்ந்திருந்தால் எவ்வளவு பழகினாலும் துன்பம்தான். இங்கேதான் வைத்தியருடைய வேலை முடிந்து கொத்தனாருடைய வேலை தொடங்குகிறது!

அதே காலத்தை ஒட்டி, 1961-ல், கட்டிடங்களை எப்படிக் கட்டினால் ஊனமுற்றோர் உள்ளே வர முடியும் என்று அமெரிக்காவில் தர அளவுகள் வெளியிடப்பட்டன. சில பக்கங்களே கொண்ட சிறிய ஏடு. இன்று உலகெங்கும் உள்ள பல விதிகளுக்கு அது முன்னோடி.

வேலூரில் புதிய நிலையம்

மேரி நினைத்திருந்தால் அமெரிக்காவிலேயே இருந்திருக்கலாம். அங்கே அகலமான கதவுகள் இருந்தன. சாய்தளங்கள் இருந்தன. வேலூரில் படிகள்தான் இருந்தன. ஆனாலும் அவர் 1960-களின் தொடக்கத்தில் வேலூருக்கே திரும்பினார். மறுவாழ்வு மருத்துவத் துறைக்குத் தலைமை ஏற்றார்.

1963-ல் அமெரிக்க எழுத்தாளர் டாரதி கிளார்க் வில்சன் மேரியின் வாழ்க்கையை ஆங்கிலத்தில் புத்தகமாக எழுதினார். மேரியின் பெயர் கடல் கடந்தும் பரவியது.

1966-ல் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் இத்தகைய நிலையம் இந்தியாவிலேயே அதுதான் முதல்.

மரத்திலிருந்து விழுந்தவர்கள் வந்தார்கள். கிணற்றில் தவறி விழுந்தவர்கள் வந்தார்கள். இளம்பிள்ளை வாதத்தால் கால் சூம்பிய பிள்ளைகள் வந்தார்கள். அழுதுகொண்டே வந்தவர்களை எதிரில் வந்து வரவேற்றவர் யார்? நாற்காலியில் அமர்ந்த பெரிய டாக்டர்! அவரிடம் போய், இந்த வேதனை உங்களுக்கு எப்படித் தெரியும் என்று யாரும் கேட்க முடியாது.

1972-ல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 1986-ம் ஆண்டு டிசம்பரில் மேரி வர்கீஸ் காலமானார். வயது அறுபத்தொன்று. அதில் முப்பத்திரண்டு ஆண்டுகள் சக்கர நாற்காலியில் கழிந்தவை. அவர் தலைமை தாங்கி வளர்த்த நிலையம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

சட்டம் வந்தது

மேரி மறைந்த பிறகு நாட்டில் சட்டங்கள் வந்தன. 1995-ல் முதல் சட்டம். 2016-ல் விரிவான புதுச் சட்டம். பொதுக் கட்டிடங்கள் மாற்றுத்திறனாளிகள் புழங்கும்படி இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. எத்தனை அடி, எத்தனை அங்குலம் என்று மத்திய அரசு 2016-லும் 2021-லும் வழிகாட்டு அளவுகளை வெளியிட்டது. தமிழ்நாட்டின் 2019-ம் ஆண்டுக் கட்டிட விதிகளிலும் இதற்கு இடம் உண்டு. இந்த அளவுகள் வெறும் யோசனையாக நின்றுவிடக் கூடாது, கட்டாய விதிகள் வேண்டும் என்று 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது.

ஆனால் நாம் குடியிருக்கும் பழைய வீட்டுக்கும் பழைய அடுக்குமாடி வீட்டுக்கும் எந்த அதிகாரியும் வந்து கதவை அகலப்படுத்தித் தரமாட்டார். அதை வீட்டார்தான் செய்துகொள்ள வேண்டும். அந்த அரசாங்க அளவுகளே நமக்கும் வழி காட்டும்.

அங்குலக் கணக்கு

முதலில் வாசல். சக்கரங்களையும் சேர்த்து நாற்காலியின் அகலம் சுமார் இரண்டேகால் அடி. தள்ளும் கைக்கும் இடம் வேண்டும். ஆகவே வாசல் தடையின்றி 3 அடி இருக்க வேண்டும். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். அல்லது பக்கவாட்டில் நகர வேண்டும். காரணம் உண்டு. உள்ளே இருப்பவர் வழுக்கிக் கதவோரம் விழுந்துவிட்டால், உள்ளே திறக்கும் கதவைத் தள்ள முடியாது. உதவிக்கு ஓடி வந்தவர் வெளியே தவித்து நிற்பார்.

அடுத்து நிலைப்படி. அரை அங்குலத்துக்கு மேல் இருந்தால் சக்கரம் முட்டும். படியை எடுக்க முடியாவிட்டால் சாய்தளம் போட வேண்டும். கணக்கு எளிது. ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம். 6 அங்குலப் படிக்கு 6 அடி. இதைவிடச் செங்குத்தாக இருந்தால் நாற்காலி பின்னோக்கிச் சாயும்.

உள்ளே நாற்காலி திரும்ப 5 அடி வட்டம் வேண்டும். குந்தி உட்காரும் கழிப்பறை உதவாது. வெஸ்டர்ன் கோப்பை வேண்டும். அதன் உயரம் சுமார் ஒன்றரை அடி. நாற்காலியின் உயரமும் ஏறக்குறைய அதுதான். கோப்பையின் ஒரு பக்கம் கைப்பிடிக் கம்பியுள்ள சுவர். மறு பக்கம் நாற்காலி நிற்க 3 அடி வெற்றிடம்.

கம்பியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. துண்டு போடும் கம்பி வேறு, பிடிக்கும் கம்பி வேறு. உடம்பின் முழுப் பாரமும் இதன்மீது விழும். டைல்சில் மட்டும் ஆணி அடித்தால் பெயர்ந்து வந்துவிடும். செங்கல் சுவரில் ஆழமாகப் பதிக்க வேண்டும்.

வாஷ்பேசினைத் தாங்கும் பீங்கான் தூணை எடுத்துவிட்டுச் சுவரில் தொங்கவிட்டால் முழங்கால் அடியில் போகும். தரையில் வழுக்காத கல் பதிக்க வேண்டும். காலில் உணர்ச்சி இல்லாதவர் வெந்நீரைக் கையால் தொட்டுப் பார்த்த பிறகே ஊற்றிக்கொள்ள வேண்டும். கால் வெந்து போனாலும் அவருக்குத் தெரியாது.

அடுக்குமாடி வீட்டில் மற்றொரு சிக்கல் உண்டு. கோப்பையை நினைத்த இடத்துக்கு மாற்ற முடியாது. கழிவுக் குழாய் இறங்கும் இடத்தை ஒட்டித்தான் அது இருக்க முடியும். தூரமாக நகர்த்தினால் குழாய்க்குச் சரிவு போதாமல் அடைத்துக்கொள்ளும். தரையைத் தோண்டினால் கீழ்வீட்டுக் கூரையில் நீர் கசியும். ஆகவே கோப்பையை அதன் இடத்திலேயே விட்டுவிட்டு, மற்றவற்றை நகர்த்துவதுதான் புத்திசாலித்தனம். வாஷ்பேசினை நகர்த்தலாம். துணி துவைக்கும் மெஷினை வெளியே கொண்டுபோகலாம். சுவரை இடிக்கும் முன் அது பாரம் தாங்கும் சுவரா என்று என்ஜினீயரிடம் கேட்பதும், குடியிருப்போர் சங்கத்திடம் அனுமதி பெறுவதும் அவசியம்.

தொட்டி நகர்ந்தது

இப்போது அந்த அருப்புக்கோட்டை வீட்டுக்குத் திரும்புவோம். அங்கே இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது எது? சிமெண்டுத் தொட்டி.

தொட்டி வேண்டாம் என்று சொல்ல முடியுமா? கரிசல் காட்டில் தண்ணீர் பொன் போன்றது. தொட்டி வேண்டும். ஆனால் அது குளியலறைக்கு உள்ளேதான் இருக்க வேண்டுமா? சுவருக்கு வெளியே தரையைவிட உயர்த்திக் கட்டி, ஒரு குழாயை மட்டும் உள்ளே விட்டால் போதுமே! தண்ணீரும் இருக்கும். நாற்காலி திரும்ப இடமும் கிடைக்கும். நாற்காலியில் அமர்ந்தபடி எட்டும் உயரத்தில் குழாயை வைத்தால், யாரும் மொண்டு ஊற்ற வேண்டாம்.

தொட்டி வெளியே போகிறது. நிலைப்படி மறைகிறது. இரண்டேகால் அடிக் கதவு மூன்றடியாகிறது. ஒரு கொத்தனார், ஒரு பிளம்பர், ஒரு தச்சர். சில நாள் வேலைதான்.

அதன்பிறகு அந்தப் பெரியவர் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். தாகம் எடுத்தால் தயங்காமல் ஒரு செம்புத் தண்ணீர் குடிப்பார்.

மேரி வர்கீசின் கால்கள் கடைசி வரை நடக்கவில்லை. அவை நடக்கும் என்று காத்திருந்தால் அவர் வாழ்வு கட்டிலிலேயே முடிந்திருக்கும். மாற்ற முடியாததை விட்டுவிட்டு, மாற்றக்கூடியதை மாற்றினார். நிற்கும் வேலையை விட்டு உட்காரும் வேலையை எடுத்தார்.

நம் வீட்டிலும் முதியவரின் காலை மாற்ற நம்மால் முடியாமல் போகலாம். கதவை மாற்ற முடியும். இன்று மாலை ஓர் அளவு நாடாவை எடுத்து, வீட்டுக் குளியலறை வாசல் எத்தனை அடி என்று அளந்து பாருங்கள். முதுமை எல்லோருக்கும் வரும். அன்று அந்த வாசலில் நிற்கப்போவது நாமாகவும் இருக்கலாம்.